முதல் வீட்டின் புதுச்சோறு

பொழுது சாய்வதற்குள் தேவயானி வீட்டுக்குள் அடைந்துவிடுவாள்.

மேற்கு முகட்டில் வெயில் இருக்கும்போதே வேலைகளை முடித்துக்கொள்வாள். தண்ணீர்க் குடம் அடுப்புக்குப் பக்கத்தில், சொம்பு குடத்தின் மேல், பாய் சுவரோரம், தடி பாயின் வலப்பக்கம். வைத்தது வைத்த இடத்தில் இருந்தாக வேண்டும். மற்றவர்களுக்கு அந்தி என்றால் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிற நேரம். அவளுக்கு அப்படி இல்லை. பின்னாலிருந்து யாரோ வந்து கண்ணைப் பொத்தியதுபோல ஊரும் வீடும் ஒரேயடியாக மறைந்துபோகும். தலைக்கு மேல் பல்பு எரிவது மட்டும் தெரியும், பழுத்த கொப்புளம் ஒன்று தொங்குவதைப்போல. அதன் கீழே கிடப்பது கயிறா பாம்பா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. விடிந்ததும் பார்வை திரும்பி வரும். திரும்பி வராத ஒரு விடியலும் வரத்தான் போகிறது என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கண் மறைவதைவிட, அது ஏன் மறைகிறது என்பதுதான் அவளை அதிகமாக நடுங்கவைத்தது. காரணம் தனக்குத் தெரியும் என்று நம்பினாள். செய்த காரியம் அப்படி.

புளியமேட்டில் அவளுடையது முதல் வீடு. ஜவ்வாது மலையில் கூரை பெரிதாக இருப்பதால் ஒரு வீடு முதல் வீடு ஆகிவிடாது. பச்சையம்மாவுக்குப் புதுக்கதிர் படைக்கிற உரிமை எந்த வீட்டுக்கோ, அதுவே முதல் வீடு. சாமை அறுப்பு வந்ததும் அந்த வீட்டு ஆண்பிள்ளை விடிவதற்கு முன்னால் தனியாகக் காட்டுக்குள் போவான். கல்லாக நிற்கிற அம்மனுக்கு முன்னால் புதுச்சாமையைப் பொங்கிப் படைத்துவிட்டு, ஒரு கட்டுக் கதிரைக் கொண்டுவந்து தன் வாசல் நிலையில் தொங்கவிடுவான். அந்தக் கட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஊரில் எந்த வாயும் புதியதைத் தொடும். சாமை மட்டுமல்ல, அதே கொல்லையில் காய்க்கிற அவரை, பூசணி, பயிருக்கு நடுவே தானாக முளைக்கிற பண்ணைக்கீரை எல்லாவற்றுக்கும் இதுதான் சட்டம். படைக்காததைத் தின்றவன் கண்ணை அம்மா பிடுங்கிக்கொள்வாள் என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்த ஊர் அது.

தேவயானியின் கணவன் ரங்கன் இருந்தவரை இந்தக் காரியத்தில் ஒரு குறையும் வந்ததில்லை. அவன் போன பிறகு மகன் சின்னராஜ் செய்தான். அவன் குடகில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி. போன வருஷ அறுப்புக்கு வருகிறேன் என்றவன் வரவில்லை. "ஆளுங்க பத்தலம்மா, மொதலாளி வுடமாட்டேங்கறாரு. அடுத்த வாரம் பாக்கறேன்" என்று போனில் சொன்னான். களத்தில் கதிரைக் குவித்து வைத்துக்கொண்டு ஊரே அவள் வாசலைப் பார்த்தது.

கொழுந்தன் பாண்டுரங்கன் வந்து மரியாதையாகத்தான் கேட்டான். "அண்ணி, சின்னராஜ் வர்லன்னா நான் போய்ப் படைச்சிட்டு வர்றேன். எங்க வூட்டு வாசல்ல கட்டிக்கறேன். ஊரு வாயக் கட்டி வெக்க முடியுமா?"

எங்க வூட்டு வாசல்ல. அவன் சொன்னதில் அவள் காதில் தங்கியது அந்த ஒன்றுதான். ஒரு முறை கதிர் இடம் மாறினால் அது பழைய வாசலுக்குத் திரும்பாது. மாமனாரும் அவருக்கு முந்தையவர்களும் காத்த பெருமை, மருமகள் ஒருத்தி தனியாக இருந்த காலத்தில் கைமாறிப்போயிற்று என்று நாளைக்கு யாராவது பேசுவார்கள். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுப்பதைவிட உயிரை விடலாம்.

மறுநாள் விடியலில் அவளே கதிர் அறுத்தாள், அவளே கட்டினாள், அவளே நிலையில் தொங்கவிட்டாள். கேட்டவர்களிடம், "ராத்திரி வந்தான், படைச்சான், மொத வண்டிக்கே போய்ட்டான்" என்றாள். முதல் வீட்டு வார்த்தையை யார் சோதிப்பார்கள்? ஊர் பொங்கிச் சாப்பிட்டது. இந்த வருஷ அறுப்புக்கும் மகன் வரவில்லை. இந்த வருஷமும் நிலையில் கதிர் தொங்கியது. முதல் பொய்க்குத்தான் நாக்கு கூசும் என்பார்கள். அவளுக்கு இரண்டாவதுதான் தொண்டையில் முள்ளாக நின்றது.

ஊரை ஏமாற்றிவிட்டாள். அம்மனை ஏமாற்ற முடியுமா? அதனால் தன் வாயை மட்டும் கட்டினாள். பங்குக்கு வந்த சாமை மூட்டையாக மூலையில் கிடந்தது. கூரைமேல் பூசணி படர்ந்து காய்த்துப் பழுத்து வெடித்தது. கொல்லையில் கீரை முழங்கால் உயரம் நின்றது. ஒன்றையும் அவள் தொடவில்லை. ரேஷன் அரிசி வேறு எந்தச் சீமையிலோ விளைந்தது, அதற்கு இந்த அம்மனிடம் கணக்கு இல்லை. அதைக் காலையில் கஞ்சியாக வைத்து, கடை ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு குடிப்பாள். மற்ற வேளைகளுக்குப் பால் இல்லாத டீயும் ஒரு பன்னும். பாண்டுரங்கன் மனைவி மங்கம்மாள் நல்ல மனசுக்காரி. அவரைக்கொட்டைக் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பாமல் இருக்கமாட்டாள். அதை வாங்கி வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காத நேரத்தில் நாய்க்கு ஊற்றிவிடுவாள். அந்த நாய் எண்ணெய் தடவியதுபோல மினுமினுத்தது. தேவயானியின் வாயோரம் வெடித்துப் புண்ணானது, முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, ஏற்றத்தில் நாலடி வைத்தால் நெஞ்சு அடைத்தது. கடைசியில் கண்.

கண் மறையத் தொடங்கியதும் அவள் ஊரை உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். தனக்கு வந்தது பொய்க்கான கூலி, சரி. படைக்காத சோற்றை இரண்டு வருஷமாகத் தின்கிறதே ஊர், அதற்கு எப்போது? பாண்டுரங்கன் பேரனுக்கு ஒரு முறை காய்ச்சல் கண்டபோது அவள் இரண்டு நாள் பச்சைத்தண்ணீரும் குடிக்கவில்லை. யாரோ வீட்டுக் கன்று செத்தது என்றார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தெருவில் ஒரு குழந்தை கல் தடுக்கி விழுந்தால் போதும். பார்வை போயிற்றோ, போயிற்றோ என்று உள்ளுக்குள் ஒரு குரல் அடித்துக்கொள்ளும்.

இந்த நிலைமையில்தான் ஒருநாள் காலை நாத்தனார் ரஞ்சிதம் வந்து நின்றாள். ரங்கனுக்கும் பாண்டுரங்கனுக்கும் நடுவில் பிறந்தவள். கீழ்க்கொல்லை என்கிற ஊரில் வாக்கப்பட்டு, புருஷன் போய், பெண்களைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறாள். பல் முக்கால்வாசி போய்விட்டது. நாக்கு முழுசாக இருந்தது.

"இன்னா அண்ணி, கருவாடு மாதிரி ஆய்ட்டீங்க? மொத வூட்டு மூட்டையெல்லாம் யாருக்கு? எலிக்கா?"

"வயசாச்சுடி. ஒடம்புல இனிமே இன்னா ஒட்டும்?"

"எனக்கும்தான் வயசு ஆவுது. சரி, ஒடுகத்தூர்ல கண்ணு முகாமாம். கெளம்புங்க, போய்ட்டு வந்துடலாம். எனக்குக் கண்ணாடி வாங்கணும்."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் கீது" என்றாள் தேவயானி.

"நல்லா கீற கண்ணாலதான் பொடவைய உள்பக்கம் வெளியில வர்றாப்போல கட்டினுகிறீங்களா?"

குனிந்து பார்த்தாள். உண்மைதான். விடிவதற்கு முன்னால், கண் தெரியாத நேரத்தில் கட்டியது. வேறு பேச்சு இல்லாமல் கிளம்பினாள். மனசின் ஓர் ஓரத்தில் ஓர் ஆசையும் இருந்தது. இது வெறும் நோய் என்று யாராவது படித்தவர் சொல்லிவிட்டால் போதும். அம்மா தன்னைத் தொடவில்லை என்று ஆகிவிடும்.

முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் வந்த கூட்டம். துணித் திரை ஒன்றுக்குப் பின்னால் இளவயது டாக்டரம்மா உட்கார்ந்திருந்தாள். ரஞ்சிதம் முதலில் உள்ளே போனாள். என்ன கேட்டார்கள் என்பது சந்தடியில் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் ரஞ்சிதத்தின் பதில் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"சாப்பாட்டுக்கு இன்னா கொறச்சல்? எங்க வூட்டுல தெனம் கறிக்கொழம்புதான். எங்க பொறந்த வூடு மொத வூடு தெரிமா?"

வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ரஞ்சிதம் தலையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அடுத்து தேவயானி போனாள். டாக்டரம்மா கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள், விளக்கு அடித்துப் பார்த்தாள்.

"சாயங்காலம் ஆனா பார்வை மங்குதாம்மா?"

தேவயானி திரும்பித் திரையைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஆமாங்க" என்றாள்.

"இருட்டுல சுத்தமா தெரியலையா?"

"தெரியலங்க."

"தினமும் என்னம்மா சாப்பிடறீங்க? கீரை, காய், முட்டை எல்லாம் உண்டா? மறைக்காம சொல்லுங்க."

திரைக்கு அந்தப் பக்கம் மலைக்காரர்கள் நிற்கிறார்கள். வாக்கப்பட்டுப் போன நாத்தனாரே கறி என்று சொல்லிவிட்டுப் போன இடத்தில், முதல் வீட்டுக்காரி ஊறுகாய் என்று சொல்வதா? தேவயானி முதுகை நிமிர்த்தினாள். "சாமைச்சோறுங்க. அவரைக்கொட்டைக் கொழம்பு. பண்ணைக்கீரை நித்தம் உண்டு. பூசணி கூரை முழுக்கக் காச்சிக் கெடக்குது. கோழிமுட்டைக்கும் கொறச்சல் இல்லீங்க."

டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினாள். "இவ்வளவு நல்லா சாப்பிடறவங்களுக்கு இது வரக் கூடாதேம்மா. சத்துக் கொறைச்சல்னா மாத்திரையில சரி பண்ணிடலாம்னு நெனச்சேன். அப்படி இல்லன்னா உள்ள வேற ஏதோ இருக்கு. வேலூர்ல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டணும். லேட் பண்ணாதீங்க."

தேவயானிக்கு அதற்கு மேல் எதுவும் காதில் ஏறவில்லை. நோய் இல்லை. சோற்றுக் குறையும் இல்லை. வேறு ஏதோ. அந்த வேறு ஏதோ காட்டுக்குள் கல்லாக நிற்கிறது. தான் சொன்ன பொய்யை வைத்துத்தான் டாக்டர் அந்த முடிவுக்கு வந்தாள் என்பது பயத்தில் உறைந்த அவள் புத்திக்கு எட்டவே இல்லை.

மலைக்குப் போகிற பஸ் வளைவில் சூடேறி நின்றுவிட்டது. டிரைவர் தண்ணீர் ஊற்றி, ஆறவைத்து, மறுபடி ஏற்றிக் கொண்டுவருவதற்குள் வெயில் முகட்டைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. தேவயானி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வானத்தையே பார்த்தாள். இறங்காதே, இறங்காதே என்று சூரியனோடு மன்றாடினாள். புளியமேட்டுப் பிரிவில் அவர்கள் இருவரும் மட்டும் இறங்கினார்கள். அங்கிருந்து ஊருக்கு ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சரிவு. ரஞ்சிதம் அன்றைக்கு அண்ணி வீட்டிலேயே தங்குவதாகச் சொல்லியிருந்தாள்.

பஸ் போன சத்தம் அடங்கியது. கண்ணைப் பொத்தும் கை வந்துவிட்டது.

"நீ முன்னால போடி" என்றாள் தேவயானி.

"நீங்க போங்க அண்ணி. மூத்தவங்க."

"நீ பொறந்த ஊருடி. ஒனக்கு வழி தெரியாதா?"

"பொறந்தவ போய் எத்தினி காலமாச்சு? நித்தம் நடக்கறவ நீங்க. ஒரு மொத வூட்டுக்காரி, இப்பிடி நடுவழில நின்னுகினு வம்பு பண்றீங்களே!"

ரஞ்சிதத்தின் குரலிலும் ஏதோ கீறல் இருந்தது. தேவயானி கையை நீட்டித் துழாவினாள். எதிரிலிருந்து ஒரு கை அதேபோலத் துழாவிக்கொண்டு வந்து அவள் விரல்மேல் மோதியது. இரண்டும் ஒன்றையொன்று இறுக்கப் பற்றிக்கொண்டன.

"ரஞ்சிதம், ஒனக்குக் கண்ணு தெரியுதா?"

"இல்ல அண்ணி. வெளக்கு வெக்கிற நேரமானா தெரியறதில்ல. ஆடியிலிருந்து இப்பிடித்தான்."

தேவயானி பாறையைத் தடவி அப்படியே உட்கார்ந்தாள். ஆரம்பித்துவிட்டது. தன்னோடு நிற்கவில்லை. அந்த வீட்டில் பிறந்தவளைத் தொட்டாயிற்று. அடுத்தது பாண்டுரங்கன், அடுத்தது அந்தப் பேரன். வரிசையாகப் பிள்ளைகள் அந்தியில் கையை நீட்டித் துழாவிக்கொண்டு வருவது அவள் குருட்டுக் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது.

சரிவுப் பக்கம் சருகு நொறுங்கியது. அமிர்திக் காட்டிலிருந்து ஒரு கரடி இந்தப் பக்கம் ஏறியிருக்கிறது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டது இருவருக்கும் ஒன்றாக நினைவு வந்திருக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டார்கள். சத்தம் நின்றது. மறுபடி நொறுங்கியது, கொஞ்சம் கிட்டத்தில்.

"பச்சையம்மா, என்னை மட்டும் எடுத்துக்கோ, புள்ளைங்கள வுட்டுடு" என்று தேவயானி வாய்விட்டு அழுதாள்.

"எந்தப் புள்ளைங்கள? இன்னா சொல்றீங்க?"

அந்தப் பயத்தின் உச்சியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சின்னராஜ் வராதது. கதிரைத் தானே கட்டியது. இரண்டு வருஷம். ஊர் தின்றது. தான் தின்னாதது.

ரஞ்சிதத்தின் கை அவள் கையைவிட்டு விலகியது.

உலகத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரே பொருள் அந்தக் கை. அதுவும் போனபின் இருட்டு நாலு பக்கமும் வந்து மூடியது.

"எங்கப்பன் நிறுத்தின நெலையில பொய்க்கதிரா?" ரஞ்சிதத்தின் குரல் எங்கிருந்தோ வந்தது. "எங்கண்ணன் இருந்தா ஒங்கள வெட்டிப் போட்டிருக்கும்."

"வெட்டட்டும். அந்தக் கதிரு பாண்டுரங்கன் வாசலுக்குப் போவக் கூடாதுன்னு பண்ணேன். ஒங்கப்பன் பேருக்காகப் பண்ணேன்."

சருகுச் சத்தம் கீழ்நோக்கி நகர்ந்து தேய்ந்தது. கரடியோ மாடோ, போய்விட்டது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு ரஞ்சிதத்தின் கை தேடிக்கொண்டு வந்து அவள் முழங்கையைப் பற்றியது.

"அண்ணி, ஒன்னு கேக்கறேன். படைக்காத சோத்தத் தின்னதுக்குத்தான் கண்ணு போவுதுன்னா, எனக்கு ஏன் போச்சு? நான் சாமையத் தொட்டே வருஷம் ஆவுது."

"பொய் சொல்லாத. தெனம் கறிக்கொழம்புன்னியே."

"கறியாவது! எந்தப் பல்லால கடிக்கறது? ஒருத்திக்காக ஒலை வெச்சு, ஆட்டிக் கடைஞ்சு, யாரு உக்காந்து திங்கறது? ஒரு சட்டி டீ போட்டுக்குவேன். பன்ன நனச்சித் திம்பேன். முடிஞ்சிது பொழுது. அத அத்தினி பேரு எதிர்ல சொல்ல முடியுமா? ரங்கன் தங்கச்சி பன்னு தின்னு பொழைக்கறான்னு சிரிக்க மாட்டாங்க?"

ரஞ்சிதம் பாறையைத் தடவி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்களும் கீரை, முட்டைன்னு அளந்தீங்களே, காதுல வுழுந்துச்சு. அந்தம்மா இன்னா சொல்லிச்சு?"

"நல்லா சாப்பிடறவங்களுக்கு இது வராதுன்னு."

"எனக்கும் அதேதான். அப்ப யாருக்கு வருமாம்? சாப்பிடாதவங்களுக்குத்தான? மங்கம்மா கண்ணு நல்லா கீது. அவ பேரன் இருட்டுல பூனை மாதிரி ஓடறான். தின்னவங்க எல்லாம் நல்லா கீறாங்க. தின்னாத ரெண்டு கெழவிங்கதான் பாறை மேல குந்தினு கீறோம்."

கேட்கச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பயம் அப்படி ஒரு வார்த்தைக்கு எழுந்து போகிற விருந்தாளியா? "அம்மா நிதானமாத்தான் கேப்பா" என்றாள் தேவயானி. "இன்னிக்கு நல்லா கீறாங்க. நாளைக்கு?"

"சரி, ஒங்க பேச்சே நெசமா இருக்கட்டும். அப்பவும் ஊருக்குச் சொல்லித்தான ஆவணும்? சொன்னாத்தான படைப்பாங்க? என் பேச்சு நெசம்னா நீங்க தின்னணும். ரெண்டுக்கும் வாயத் தொறக்கணும் அண்ணி."

தேவயானி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கீழே டார்ச் வெளிச்சம் அலைந்தது. பாண்டுரங்கனும் மங்கம்மாளும் தேடிக்கொண்டு வந்தார்கள். "இன்னா அண்ணி, நாங்க ஊரெல்லாம் தேடறோம், ரெண்டு பேரும் பாறை மேல குந்தினு கதை பேசறீங்களா?" என்றான் பாண்டுரங்கன்.

தேவயானி அந்த வெளிச்சப் புள்ளியின் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "தம்பி, காலைல ஊரக் கூட்டு. மொத வூட்டுல பேச வேண்டியது கீது."

காலையில் களத்து மேட்டில் ஊர் கூடியது. தேவயானி நின்றபடியேதான் பேசினாள். உட்காருங்கள் என்று சொன்னார்கள், உட்காரவில்லை. மகனைக் குறை சொல்லவில்லை, வறுமை என்று சொல்லவில்லை, அழவும் இல்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்லி முடித்தாள்.

சொல்லி முடித்ததும் எழுந்த சத்தத்தை அவள் எதிர்பார்த்திருந்தாள். ஆனால் முதலில் சத்தமே எழவில்லை. பெண்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பித் திருப்பிக் கண்ணைப் பார்த்தார்கள். அவளுக்குள் மட்டும் இருந்த பயம் ஒரு நொடியில் அத்தனை முகங்களுக்கும் பரவியது. அதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"ரெண்டு வருஷமா எம்பேரனுக்கு ஊட்டின சோறு அண்ணி அது" என்றான் பாண்டுரங்கன். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. நான் இன்னா அந்நியனா? ஒரே வவுத்துல பொறந்தவன் வூட்டு வாசல் அவ்ளோ கேவலமா போச்சா?"

"கேவலம் இல்ல தம்பி. என் வாசல் எனக்குப் பெருசா இருந்துச்சு."

பின்னால் ஒருத்தி கத்தினாள். "எங்க புள்ளைங்களுக்கு ஏதாவது ஆனா யாரு பதில் சொல்றது? மொத வூடாம் மொத வூடு!"

ரஞ்சிதம் எழுந்தாள். "ஏய், அடங்குடி. ஆனது அவங்களுக்கும் எனக்கும்தான். ஒம்புள்ள பூசணிக்கா மாதிரி கீறான், பாரு."

யாரோ சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள். ஊரில் மூத்தவர் வேடியப்பன் தொண்டையைக் கனைத்தார். எல்லோரும் அடங்கினார்கள்.

"நடந்தது நடந்துபோச்சு. இன்னிக்கே பாண்டுரங்கன் போய்ப் படைக்கட்டும். இனிமே கதிரு அவன் வாசல்லதான். அந்தச் சோத்த இங்கயே ஊருக்குப் பரிமாறணும். மொத கவளம் தேவயானியம்மா திங்கணும். அம்மாவுக்குக் கோவம் இருந்தா அவங்க மேலயே காட்டட்டும். அவங்களுக்கு ஒன்னும் ஆவலன்னாதான் மத்தவங்க கை வெக்கறது."

தேவயானி தலையசைத்தாள். வீட்டுக்குப் போய், யாரையும் தொடவிடாமல், நிலையில் தொங்கிய கட்டைத் தானே அவிழ்த்தாள். அவிழ்த்ததைப் பாண்டுரங்கனிடம் கொடுக்கவில்லை, பொய்க் கட்டு அது. கால் படாத இடமாகப் பார்த்து வேலி ஓரத்தில் போட்டாள். வெறும் நிலையைத் திரும்பிப் பார்க்காமல் களத்துக்கு வந்தாள்.

உச்சிவெயில் இறங்குகிற நேரத்தில் பாண்டுரங்கன் காட்டிலிருந்து வந்தான். நெற்றி நிறையக் குங்குமம், தோளில் புதுக்கதிர், தலையில் பொங்கல் பானை. மங்கம்மாள் களத்தில் அடுப்பு மூட்டி அவரைக்கொட்டையும் பூசணியும் போட்டுக் குழம்பு கொதிக்கவைத்திருந்தாள். கீரையைக் கடைந்து இறக்கியிருந்தாள். அந்த வாசனை தேவயானியின் நெஞ்சுக்குள் போய் எதையோ பிசைந்தது. வாயில் ஊறியது. ஊறியதற்காக வெட்கப்பட்டாள், உடனே பயந்தாள்.

ஊர் முழுக்க இலை போட்டு உட்கார்ந்தது. ஒரு கையும் அசையவில்லை. நடுவில் அவளுக்கு ஓர் இலை. மங்கம்மாள் குனிந்து சாமைச்சோற்றை வைத்து, கீரையை ஊற்றி, காதோடு சொன்னாள். "அக்கா, நான் குடுத்தனுப்பின கொழம்பெல்லாம் நாய்க்கா போச்சு? அதான் அது அப்பிடி உப்பிக் கெடக்குது." கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. கண் கலங்கியிருந்தது.

தேவயானி சம்மணமிட்டு, முதுகை நேராக வைத்துக்கொண்டு, சோற்றில் கைவைத்தாள். பயப்படுவது ஊருக்குத் தெரியும். தெரியட்டும். இதைத் தின்றதும் வெயில் பட்டென்று அணைந்துவிடுமோ, இந்த முகங்கள்தான் தான் கடைசியாகப் பார்க்கிற முகங்களோ என்று ஒரு முறை எல்லோரையும் சுற்றிப் பார்த்துக்கொண்டாள். பாண்டுரங்கன் பேரன் தாத்தா மடியில் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்தான்.

கவளத்தை வாயில் வைத்தாள். உடனே விழுங்க முடியவில்லை. வெடித்த வாயோரத்தில் கீரையின் உப்பு சுரீரென்று எரிந்தது. பல்லுக்கு நடுவே சாமை மணிமணியாக நெகிழ்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

கண்ணைத் திறந்தாள். வெயில் இருந்தது. முகங்கள் இருந்தன. அது போதாது என்று அவளுக்குத் தெரியும், பொழுது சாய இன்னும் நேரம் இருக்கிறது. இன்றைக்கும் சாயும், நாளைக்கும் சாயும். பயம் இருந்த இடத்திலேயேதான் இருந்தது.

"உப்பு சரியா கீதா அண்ணி?" என்று ரஞ்சிதம் எதிர் இலையிலிருந்து கேட்டாள். "சீக்கிரம் சொல்லுங்க, எனக்குப் பசிக்குது."

வேடியப்பன் கையை உயர்த்தி ஊரைப் பொறுக்கச் சொன்னார். எல்லோரும் தேவயானியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒருவரையும் பார்க்கவில்லை. யாரும் சொல்லாமலே, இன்னும் கொஞ்சம் கீரையை இழுத்துப் பிசைந்து, இரண்டாவது கவளத்தை முதலாவதைவிடப் பெரிதாக உருட்டினாள்.